பிரையன் மே பயன்படுத்திய மின் கிதார்கள்

குயீன் என்னும் பிரித்தானிய ராக் இசைக்குழுவின் கிதார் கலைஞர் பிரையன் மே (பிறப்பு: ஜூலை 19, 1947) தமது இசை வாழ்வில் பெரும்பாலும் ஒரே ஒரு மின் கிதாரையே வாசித்து வந்துள்ளார். ரெட் ஸ்பெஷல் என்று அழைக்கப்படும் அக்கிதாரை அவரும் அவருடைய தந்தை ஹரோல்ட் மேயும் 1963 ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் தொடங்கி, ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் உழைத்து, தங்கள் வீட்டிலேயே செய்தனர். 1973 இல் வெளிவந்த குயீன் குழுவின் முதல் இசைத்தொகுப்பு முதல் 21 ஆம் நூற்றாண்டின் மேடை நிகழ்ச்சிகள் வரை கேட்கப்படும் மேயின் கிதார் ஒலியில் மிகப் பெரும் பகுதி இந்த ஒரு கருவியிலிருந்து பிறந்ததே.

ராக் இசையில் இது வழக்கத்துக்கு மாறானது. பெயர் பெற்ற கிதார் கலைஞர்கள் பலர் காலத்துக்கேற்பவும் பாடலுக்கேற்பவும் கருவிகளை மாற்றிக்கொண்டே சென்றவர்கள். எரிக் கிளாப்டன் கிப்சன் நிறுவனத்தின் கிதார்களிலிருந்து ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டருக்கு மாறினார். பின்னர் மூன்று ஸ்ட்ராட்டோகாஸ்டர்களின் பாகங்களைச் சேர்த்துப் பிளாக்கி என்ற கிதாரை உருவாக்கி நெடுங்காலம் வாசித்தார். 2004 இல் அதையும் ஏலத்தில் விற்றார். கடையில் வாங்கிய கிதார் பழுதடைந்தால் அதே வகையில் மற்றொன்றை வாங்கிக்கொள்ளலாம். மேயின் கிதாருக்கு அப்படி ஓர் இணை உலகில் இல்லை. அது உடைந்தாலோ தொலைந்தாலோ அந்த ஒலியும் அதனுடன் போய்விடும். அவர் வாசித்த பிற கிதார்களின் வரலாற்றைப் புரிந்துகொள்ள இந்த ஒரு செய்தியை நினைவில் கொள்வது போதுமானது. அவற்றுள் பெரும்பாலானவை ரெட் ஸ்பெஷலுக்கு மாற்றாகவோ, அதை ஆபத்திலிருந்து காக்கவோ வந்தவை.

முதல் கிதார்

மே தமது ஏழாவது பிறந்தநாளில் எக்மண்ட் என்ற டச்சு நிறுவனத்தின் மலிவான மரக் கிதார் ஒன்றைப் பரிசாகப் பெற்றார். அது மின் கிதார் அன்று. காந்தங்களையும் செப்புக் கம்பிச் சுருளையும் கொண்டு பிக்கப் ஒன்றைத் தாமே செய்து அதில் பொருத்தி, தந்தை செய்திருந்த வானொலிப் பெட்டியின் வழியாக ஒலிக்கச் செய்தார். மின் கிதார் வேலை செய்யும் விதத்தை அவர் அறிந்துகொண்டது இவ்வாறுதான்.

பிக்கப் என்பது காந்தத்தைச் சுற்றி மிக மெல்லிய செப்புக் கம்பி பல ஆயிரம் சுற்றுகள் சுற்றப்பட்ட ஒரு சுருள். எஃகுத் தந்தி அதன் மேலே அதிரும்போது காந்தப் புலம் மாறுகிறது. பாரடேயின் மின்காந்தத் தூண்டல் விதிப்படி சுருளில் சிறு மின்னழுத்தம் தோன்றுகிறது. அதைப் பெருக்கி ஒலிபெருக்கிக்கு அனுப்பினால் நாம் கேட்கும் ஒலி கிடைக்கிறது. ஒலிவாங்கியைப் போலப் பிக்கப் காற்றின் அதிர்வை உணர்வதில்லை. தந்தியின் அசைவையே உணர்கிறது. எனவே தந்தியின் எந்த இடத்தில் பிக்கப் வைக்கப்படுகிறது என்பது ஒலியின் தன்மையைப் பெரிதும் தீர்மானிக்கிறது. இச்செய்தி பின்னால் தேவைப்படும்.

ரெட் ஸ்பெஷல் உருவான விதம்

1960களின் தொடக்கத்தில் இங்கிலாந்தின் இளைஞர்கள் பலரும் விரும்பிய அமெரிக்க ஸ்ட்ராட்டோகாஸ்டரின் விலை மே குடும்பத்தின் கைக்கு எட்டாததாக இருந்தது. ஹரோல்ட் மே அரசின் வானூர்தித் துறை அமைச்சகத்தில் வரைவாளராகப் பணிபுரிந்தவர்; மின்னணுவியலும் தச்சு வேலையும் அறிந்தவர். வாங்க இயலாததைச் செய்துவிடுவது என்று தந்தையும் மகனும் முடிவு செய்தனர். அப்போது மகனுக்கு வயது 16.

கிதாரின் கழுத்து, இடிக்கப்பட்ட பழைய கணப்பு ஒன்றின் மேற்பலகையிலிருந்து அறுத்தெடுக்கப்பட்ட மகோகனி மரம். நூறாண்டுக்கு மேற்பட்ட அம்மரத்தில் புழு அரித்த துளைகள் இருந்தன; அவை தீக்குச்சிகளால் அடைக்கப்பட்டன. உடலின் நடுப்பகுதி பழைய மேசை ஒன்றின் ஓக் மரம். சுற்றுப்பகுதி பிளாக்போர்டு பலகை. மேலும் கீழும் மெல்லிய மகோகனித் தகடு ஒட்டப்பட்டுச் செம்பழுப்பு நிறம் ஏற்றப்பட்டது. பெயரில் உள்ள சிவப்பு இங்கிருந்து வந்தது. விரல் பலகையும் ஓக் மரமே. கருங்காலியைப் போலத் தோன்றும்படி அதற்குக் கருநிறம் பூசினர். இடத்தைக் காட்டும் வெண்புள்ளிகள், மேயின் தாயுடைய தையல் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள்.

விரல் பலகையில் 24 மெட்டுகள் உள்ளன. நமது வீணையிலும் மெட்டுகள் 24 தான். ஒரு தந்தியில் இரண்டு முழு எண்மங்கள் வாசிக்க அத்தனை மெட்டுகள் வேண்டும். அக்காலக் கடைக் கிதார்களில் 21 அல்லது 22 மெட்டுகளே வழக்கமாக இருந்தன. ரெட் ஸ்பெஷலின் தந்தி நீளமோ 24 அங்குலம், அதாவது ஸ்ட்ராட்டோகாஸ்டரை விட ஒன்றரை அங்குலம் குறைவு. நீளம் குறைந்தால் அதே சுரத்துக்குத் தேவையான இழுவிசையும் குறையும். தந்தியைப் பக்கவாட்டில் இழுத்துச் சுரத்தை வளைப்பது எளிதாகும். வீணையில் கமகத்துக்காகத் தந்தியை இழுப்போருக்கு இதன் பயன் விளங்கும்.

உடலின் உள்ளே வெற்றறைகள் விடப்பட்டுள்ளன. இதற்கும் காரணம் உண்டு. பெருக்கியின் முன் கிதாரைப் பிடித்தால் ஒலிபெருக்கியிலிருந்து வரும் ஒலி தந்தியை மீண்டும் அதிர வைக்கும். அந்த அதிர்வு மீண்டும் பெருக்கப்படும். சுரம் ஓயாமல் நீளும். இதுவே பின்னூட்டம். ஜெஃப் பெக் போன்றோர் இதை இசையாகவே பயன்படுத்தியதைக் கேட்ட மே, தம் கிதாரும் எளிதில் பின்னூட்டம் தர வேண்டும் என்று விரும்பி வெற்றறைகளைத் திட்டமிட்டார். மேற்பரப்பில் வயலினில் உள்ளது போன்ற துளை ஒன்றும் திட்டத்தில் இருந்தது. அது வெட்டப்படவே இல்லை.

டிரெமெலோ அமைப்பு

கிதாரின் குதிரைப் பகுதியில் உள்ள ஒரு கோலை அழுத்தி எல்லாத் தந்திகளின் சுரத்தையும் ஒருசேரத் தாழ்த்தும் அமைப்பை டிரெமெலோ என்பர். அக்கால டிரெமெலோக்களின் பெருங்குறை, கோலை விட்டபின் தந்திகள் பழைய சுரத்துக்குச் சரியாகத் திரும்பாமை. உராய்வே இதன் காரணம். தந்தி தொட்டுச் செல்லும் ஒவ்வொரு இடத்திலும் சிறிதளவு சிக்கிக்கொள்கிறது.

தந்தையும் மகனும் உராய்வு தோன்றும் இடங்களை ஒவ்வொன்றாகக் களைந்தனர். தந்திகளின் வால்முனை ஒரு தகட்டில் கட்டப்பட்டுள்ளது. அத்தகடு கடினப்படுத்திய எஃகாலான கத்திமுனை ஒன்றின் மீது ஊசலாடுகிறது. பள்ளி ஆய்வகத்துப் பௌதிகத் தராசின் துலாக்கோல் கத்திமுனையில் நிற்பதும் இதே காரணத்துக்காகத்தான். தந்திகளின் இழுவிசைக்கு எதிராக நின்று சமன் செய்பவை 1928 ஆம் ஆண்டுப் பேந்தர் மோட்டார் சைக்கிள் ஒன்றின் இரண்டு வால்வுச் சுருள்வில்கள். மெல்லிய தந்திகள் ஆறும் சேர்ந்து இழுக்கும் விசை ஏறத்தாழ 35 முதல் 40 கிலோ எடைக்கு ஈடானது என்பதைக் கருதினால், இயந்திரத்துக்காகச் செய்த சுருள்வில்லைத் தேடிப் போனது வியப்பன்று. குதிரையின் மேல் ஒவ்வொரு தந்திக்கும் ஒரு சிறு உருளை உண்டு. தந்தி அதன்மேல் உரசாமல் உருள்கிறது. மறுமுனையில் தந்தியின் உயரத்தைச் சுழிய மெட்டு ஒன்று தாங்க, பிருடைகள் வரை தந்தி அதிகம் வளையாமல் நேராகச் செல்கிறது. கோல் மிதிவண்டியின் பைதாங்கியிலிருந்து வந்தது. அதன் நுனியில் உள்ள குமிழ், தாயின் பின்னலூசியின் முனை.

இப்பொருட்களின் பட்டியல் பல இதழ்களில் வேடிக்கைச் செய்தியாக எழுதப்பட்டுள்ளது. உண்மையில் வியக்கத்தக்கது பொருட்கள் அல்ல, அவை தேர்ந்தெடுக்கப்பட்ட முறை. எந்தப் பாகமும் கிடைத்ததே என்று சேர்க்கப்படவில்லை. செய்ய வேண்டிய வேலை முதலில் வரையறுக்கப்பட்டு, அதற்குப் பொருந்தும் பொருள் வீட்டிலும் பழைய இரும்புக் குவியலிலும் தேடப்பட்டது. பழைய பொருட்களால் ஆன இவ்வமைப்பு, அன்று கடையில் கிடைத்தவற்றுள் பலவற்றை விடச் சுரம் பிசகாமல் திரும்பியது. குறையும் இருந்தது. உருளைகள் தந்தியின் அழுத்தத்தாலேயே இடத்தில் நிற்பவை. தந்தி அறுந்தால் உருளை மேடையில் எங்கேனும் விழுந்துவிடலாம்.

பிக்கப்களும் மின்சுற்றும்

முதலில் பிக்கப்களையும் அவர்களே செய்தனர். சாதாரணமாக வாசித்தபோது அவை நன்றாகவே ஒலித்தன. ஆனால் தந்தியைப் பக்கவாட்டில் இழுத்தபோது காந்த முனைகளின் அமைப்பு காரணமாக ஒலி நெளிந்து கேட்டது. எனவே பர்ன்ஸ் நிறுவனத்தின் டிரை-சோனிக் பிக்கப்கள் மூன்றை வாங்கிப் பொருத்தினர். சுருளின் கம்பிகள் தளர்ந்து அதிர்ந்தால் விரும்பத்தகாத கீச்சொலி எழும் என்பதால் அவற்றை அரல்டைட் பசையில் தோய்த்து இறுக்கினர். இக்கிதாரில் கடையில் வாங்கிய முதன்மையான பாகம் இதுவே எனலாம்.

பிக்கப்கள் மூன்றும் இணைக்கப்பட்ட விதம் ரெட் ஸ்பெஷலின் ஒலிக்கு அடிப்படை. ஸ்ட்ராட்டோகாஸ்டரில் அவை பக்க இணைப்பில் உள்ளன. அக்காலத்தில் அதன் ஆளிக்கு மூன்று நிலைகளே இருந்தன. மேயின் கிதாரில் அவை தொடர் இணைப்பில் உள்ளன. தொடர் இணைப்பில் மின்னழுத்தங்கள் கூடும். சுருள்களின் தூண்டு திறனும் கூடும். அதனால் ஒத்ததிர்வு அதிர்வெண் தாழ்ந்து ஒலி கனத்தும் வலுத்தும் வரும். இரண்டு பிக்கப்களைச் சேர்த்தால் பெருக்கிக்குச் செல்லும் குறிப்பலை குறிப்பிடத்தக்க அளவு வலுவடைகிறது. பெருக்கி அதைத் தாங்காமல் இனிமையாகச் சிதைக்கத் தொடங்குகிறது. இச்சிதைவே மேயின் பாடும் தொனியின் பாதி.

ஒவ்வொரு பிக்கப்புக்கும் இரண்டு ஆளிகள் உள்ளன. ஒன்று அதை இயக்கவும் நிறுத்தவும்; மற்றொன்று அதன் மின்முனைகளைத் தலைகீழாக்கவும். இரண்டாவது ஆளியின் விளைவைப் புரிந்துகொள்ள அலைக் குறுக்கீட்டை நினைவுகூர வேண்டும். ஒரு தந்தி அதிரும்போது அடிப்படை அதிர்வெண்ணோடு மேற்சுரங்கள் பலவும் சேர்ந்தே எழுகின்றன. தந்தியின் வெவ்வேறு இடங்களில் உள்ள இரு பிக்கப்களும் அடிப்படை அதிர்வை ஒரே கட்டத்தில் உணர்கின்றன. உயர்ந்த மேற்சுரங்களின் அலைநீளம் குறைவாதலால், ஒரு பிக்கப்பின் மேல் முகடு இருக்கும்போது மற்றொன்றின் மேல் அகடு இருக்கக்கூடும். இரண்டையும் ஒரே கட்டத்தில் கூட்டினால் அடிப்படைச் சுரம் வலுக்கிறது. ஒன்றைத் தலைகீழாக்கிக் கூட்டினாலோ அடிப்படைச் சுரத்தின் பெரும்பகுதி கழிந்துபோய், மேற்சுரங்கள் எஞ்சுகின்றன. ஒலி மெலிந்து, கூர்மையாகி, மூக்கால் பாடுவது போலாகிறது.

இவ்வாளிகளால் எத்தனை ஒலிகள் கிடைக்கும் என்று எண்ணிப் பார்க்கலாம். ஒற்றைப் பிக்கப் எனில் கட்டத்தால் வேறுபாடு இல்லை, 3 ஒலிகள். இரண்டு சேர்ந்தால் 3 இணைகள், ஒவ்வொன்றும் இரு கட்டங்களில், ஆக 6. மூன்றும் சேர்ந்தால் 4. மொத்தம் 13 வேறுபட்ட ஒலிகள். ஸ்ட்ராட்டோகாஸ்டரின் மூன்று நிலைகளோடு இதை ஒப்பிட்டால், ஒரே கிதாரைக் கொண்டு மே எவ்வாறு இத்தனைக் காலம் ஓட்டினார் என்ற கேள்விக்குப் பெருமளவு விடை கிடைத்துவிடுகிறது. அவர் மிகுதியாகப் பயன்படுத்துவது குதிரையருகில் உள்ள பிக்கப்பையும் நடுப் பிக்கப்பையும் ஒரே கட்டத்தில் சேர்த்த அமைப்பையே.

தொடக்கத்தில் ஒலிச் சிதைவுக்கான சிறு மின்சுற்று ஒன்றும் கிதாருக்குள்ளேயே இருந்தது. பெருக்கியின் இயல்பான சிதைவே நன்றாக இருக்கக் கண்டு பின்னர் அது நீக்கப்பட்டது.

கிதாருக்கு வெளியே

ரெட் ஸ்பெஷலின் ஒலி கிதாரோடு முடிந்துவிடுவதில்லை. அயர்லாந்துக் கிதார் கலைஞர் ரோரி கல்லாகரைப் பின்பற்றி மே வாக்ஸ் ஏசி30 என்ற வெற்றிடக்குழாய்ப் பெருக்கியையும், அதற்கு முன் உயர் அதிர்வெண்களை வலுவூட்டும் சிறு மின்சுற்றையும் பயன்படுத்தத் தொடங்கினார். பெருக்கி முழு அளவில் திறந்தே இருக்கும். ஒலியின் மென்மையும் சிதைவும் கிதாரின் ஒலியளவுக் குமிழால் கட்டுப்படுத்தப்படும்.

மீட்டுவதற்கு அவர் நெகிழி வில்லைக்குப் பதிலாகப் பழைய ஆறு பென்ஸ் நாணயத்தைப் பயன்படுத்துகிறார். வளையாத உலோகமாதலால் விரல்களின் அசைவு முழுவதும் தந்திக்குச் செல்கிறது. விளிம்பின் பற்கள் தந்தியில் உரசி ஒவ்வொரு சுரத்தின் தொடக்கத்திலும் மெய்யெழுத்தைப் போன்ற ஓர் ஒலியைத் தருகின்றன. 1980 இல் இந்நாணயம் புழக்கத்திலிருந்து நீக்கப்பட்டது. 1993 இல் மேயின் தனிச் சுற்றுப்பயணத்துக்காக அவருடைய தலை பொறித்த ஆறு பென்ஸ் வில்லைகளை அரச நாணயச்சாலை அச்சிட்டுத் தந்தது.

குழுவின் பேஸ் கிதார் கலைஞர் ஜான் டீக்கன் மின்னணுவியல் பட்டதாரி. 1972 அளவில், குப்பைத் தொட்டியில் கண்டெடுத்த மின்சுற்றுப் பலகை ஒன்றை அலமாரி ஒலிபெருக்கிப் பெட்டியில் பொருத்தி, மின்கலத்தால் இயங்கும் சிறு பெருக்கி ஒன்றைச் செய்தார். அதன் ஜெர்மேனியம் திரிதடையங்கள் தரும் ஒலி வயலினையும் ஊதுகருவிகளையும் ஒத்திருந்தது. 1975 இல் வெளிவந்த எ நைட் அட் தி ஓப்பரா தொகுப்பின் குட் கம்பெனி பாடலில் பழைய ஜாஸ் குழு ஒன்று வாசிப்பதைப் போலக் கேட்பது, பல தடங்களில் அடுக்கிப் பதிவு செய்யப்பட்ட ரெட் ஸ்பெஷலின் ஒலிதான். செயற்கை இசையாக்கிகள் எதுவும் பயன்படுத்தப்படவில்லை என்று 1970களின் குயீன் உறைகளில் அச்சிட வேண்டி வந்தது இத்தகைய ஒலிகளால்தான் போலும். அந்தச் சிறு பெருக்கியும் ரெட் ஸ்பெஷலைப் போலவே ஒன்றே ஒன்று. பிற்காலத்தில் அதற்கும் பெருமுயற்சியுடன் நகல்கள் செய்யப்பட்டன.

மாற்றுக் கிதார்கள்

மேடையில் தந்தி அறுந்தால் உடனே எடுத்து வாசிக்க இன்னொரு கிதார் வேண்டும். கணினித் துறையில் இருப்போர் இந்நிலையை எளிதில் உணர்வர்: ஓர் அமைப்பு முழுவதும் ஒரே பாகத்தை நம்பி நிற்கிறது, அப்பாகத்துக்கோ காப்புப்படி கிடையாது. 1970களின் தொடக்கத்தில் மே ஃபென்டர் ஸ்ட்ராட்டோகாஸ்டரையும் கிப்சன் லெஸ் பால் டீலக்ஸையும் மாற்றுக் கிதார்களாக வைத்திருந்தார். இவை சிறந்த கருவிகளே. ஆயினும் தந்தி நீளம், கழுத்தின் பருமன், ஆளிகளின் அமைப்பு, பெருக்கிக்குச் செல்லும் குறிப்பலையின் வலிமை அனைத்தும் வேறு. பாட்டின் நடுவில் கிதாரை மாற்றினால் குழுவின் ஒலியே மாறிவிடும்.

எனவே 1970களின் நடுவில் ஜான் பர்ச் என்ற ஆங்கிலேயக் கிதார் வினைஞர் ரெட் ஸ்பெஷலின் முதல் நகலைச் செய்தார். வெளிர் மேப்பிள் மரத்தாலான அந்நகலை வீ வில் ராக் யூ, ஸ்ப்ரெட் யுவர் விங்ஸ் பாடல்களின் நிகழ்படங்களில் காணலாம். இரண்டும் உறைபனிக் குளிரில், டிரம்ஸ் கலைஞர் ரோஜர் டெய்லரின் வீட்டுத் தோட்டத்தில் படம்பிடிக்கப்பட்டவை. ஒட்டுப்பலகையும் பழைய மரமும் சேர்ந்த மூலக் கிதாரை அந்தக் குளிரில் வெளியே எடுக்காதது அறிவுடைமையே. தோற்றத்தில் ஒத்திருந்தாலும் ஒலியிலும் கைக்கு அமைவதிலும் அந்நகல் மேயை நிறைவு செய்யவில்லை. 1982 இன் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தின்போது மேடையில் அவர் அதை வீசியெறிய, அது உடைந்தது. பொதுவாக அமைதியானவராக அறியப்படும் ஒருவரின் பொறுமையை நகல் எந்த அளவு சோதித்திருக்கும் என்பதை வாசகர் ஊகித்துக்கொள்ளலாம். அதன்பின் சிறிது காலம் கிப்சன் ஃபிளையிங் வி மாற்றுக் கிதாராக இருந்தது.

1980களின் நடுவில் அமெரிக்காவின் கில்ட் நிறுவனம் மேயின் பெயரில் ஒரு கிதாரை வெளியிட்டது. அவரும் அதை மாற்றாக வைத்துக்கொண்டார். நிறுவனத்தின் விருப்பத்துக்கேற்ப விவரங்கள் மாற்றப்பட்டதால் அதுவும் உண்மையான நகலாக அமையவில்லை. ஒத்துழைப்பு சில ஆண்டுகளில் நின்று, 1990களின் தொடக்கத்தில் மீண்டும் சிறிது காலம் தொடர்ந்தது.

பிற கிதார்கள்

வேறு ஒலிக்காகவே வேறு கிதாரை எடுத்த தருணங்கள் மிகச் சில. 1976 இல் வெளிவந்த லாங் அவே பாடலுக்கு 12 தந்திகள் கொண்ட கிதார் தேவைப்பட்டது. அதற்குப் பர்ன்ஸ் டபுள் சிக்ஸ் பயன்பட்டது. ஜான் லெனன் வாசித்த ரிக்கன்பேக்கரை அவர் விரும்பியிருந்தும், அதன் மெல்லிய கழுத்து அவருடைய கைக்கு அமையவில்லை. ரெட் ஸ்பெஷலின் கழுத்து வழக்கத்தை விடப் பருமனானது என்பதை இங்கு நினைக்க வேண்டும். இளமையில் தம் கையால் செய்த கழுத்து, பின்னர் எந்தக் கழுத்து தமக்குப் பொருந்தும் என்பதையும் முடிவு செய்துவிட்டது.

இவற்றுள் மிகவும் அறியப்பட்டது 1979 இல் வெளிவந்த கிரேசி லிட்டில் திங் கால்டு லவ். ஃபிரெடி மெர்க்குரி 1950களின் ராக் அண்ட் ரோல் பாணியில் எழுதிய இப்பாடல் ஜெர்மனியின் மியூனிக் நகரில் பதிவு செய்யப்பட்டது. அக்காலத்து ஒலிக்கு ஃபென்டர் டெலிகாஸ்டரே பொருந்தும் என்று தயாரிப்பாளர் மாக் வலியுறுத்த, ரோஜர் டெய்லருக்குச் சொந்தமான டெலிகாஸ்டரில் மே தனிவாசிப்பை வாசித்தார். தொடர் இணைப்பின் கனமும் பின்னூட்டமும் இல்லாத, வெட்டி வெட்டி ஒலிக்கும் அந்தத் தனிவாசிப்பைக் கேட்டபின் அதே காலத்தின் வேறொரு குயீன் பாடலைக் கேட்டால், இக்கட்டுரையில் மின்சுற்று குறித்துச் சொன்னவற்றை மாணவர்கள் தம் காதாலேயே சரிபார்த்துக்கொள்ளலாம்.

நிகழ்படங்களில் காணப்படும் கிதார்களை மட்டும் கொண்டு முடிவுக்கு வருவது சரியன்று. 1980 இல் வெளிவந்த பிளே தி கேம் நிகழ்படத்தில் மெர்க்குரி மேயின் கையிலிருந்து கிதாரைப் பறித்துத் திரும்ப அவரிடமே வீசுகிறார். வீசப்படுவது ஸ்ட்ராட்டோகாஸ்டர் போன்ற ஒரு மலிவுக் கிதார். ரெட் ஸ்பெஷலை அவ்வாறு காற்றில் பறக்கவிட மே உடன்படவில்லை. 1986 இன் பிரின்சஸ் ஆப் தி யூனிவர்ஸ் நிகழ்படத்தில் அவர் கையில் இருப்பது வெண்ணிற வாஷ்பர்ன் கிதார்.

மின் கிதார் அல்லாத ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். ஹால்ஃப்ரெட் என்று பெயர் பொறித்த பழைய மரக் கிதார் ஒன்றின் குதிரையை மே சிறிது மாற்றி அமைத்தார். தந்தி அதன்மேல் இலேசாக உரசிச் சித்தாரைப் போல இரைகிறது. 1978 இன் ஜெலசி பாடலில் இதைக் கேட்கலாம். தம்புராவின் குதிரைமேல் தந்திக்கடியில் நூல் வைத்து நாதத்தை விரியச் செய்வதும் இதே தத்துவம்தான்.

பிற்கால நகல்கள்

நம்பத்தக்க நகல் கிடைக்க 1990களின் இறுதி வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆஸ்திரேலியக் கிதார் வினைஞர் கிரெக் ஃபிரையர் மூலக் கிதாரை நுணுக்கமாக அளந்து, அதே வகை மரங்களைக் கொண்டு மூன்று நகல்களைச் செய்தார். ஜான், பால், ஜார்ஜ் பர்ன்ஸ் என்று அவற்றுக்குப் பெயரிடப்பட்டது. முதல் இரண்டும் பீட்டில்ஸ் குழுவினரை நினைவூட்டுபவை. மூன்றாவது பீட்டில்ஸின் ஜார்ஜில் தொடங்கி அமெரிக்க நகைச்சுவை நடிகர் ஜார்ஜ் பர்ன்ஸின் பெயராக முடிகிறது, பிக்கப்பின் பெயரும் அதில் வந்துவிடுகிறது. இவற்றுள் ஜான் பல ஆண்டுகள் மேடையில் மாற்றுக் கிதாராக நின்றது.

நகலெடுக்கும் பணிக்கு எதிர்பாராத பயன் ஒன்றும் விளைந்தது. முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக மேடைகளில் உழைத்த மூலக் கிதார் அப்போது தேய்ந்து போயிருந்தது. அதன் ஒவ்வொரு ஒட்டையும் இணைப்பையும் அறிந்துகொண்ட ஒருவர் இப்போது இருந்தார். 1998 இல் ஃபிரையரே மூலக் கிதாரைச் செப்பனிட்டார்.

பின்னர் ஆங்கிலேய வினைஞர் ஆண்ட்ரூ கைட்டனும் மிக நெருக்கமான நகல்களைச் செய்தார். பொதுமக்கள் வாங்கக்கூடிய விலையில் பர்ன்ஸ் நிறுவனம் 2001 இல் ஒரு நகலை வெளியிட்டது. 2006 முதல் மேயின் சொந்த நிறுவனமான பிரையன் மே கிட்டார்ஸ் அப்பணியை ஏற்றது. மலிவு நகல்களில் கணப்பு மரமோ மோட்டார் சைக்கிள் சுருள்வில்லோ இல்லை. கத்திமுனைக்குப் பதில் வழக்கமான டிரெமெலோ அமைப்பே உள்ளது. ஆனால் தொடர் இணைப்பும் ஆறு ஆளிகளும் அப்படியே உள்ளன. ஒலியின் பெரும்பகுதி மின்சுற்றில் உள்ளது என்று கருதுவோருக்கு இவை நல்ல சான்று. மரமும் வெற்றறைகளும் முக்கியம் என்போர் ஃபிரையர், கைட்டன் நகல்களைச் சுட்டுவர். இவ்விவாதம் கிதார் ஆர்வலர்களிடையே ஓய்வதாயில்லை.

மாற்று நகல்கள் கிடைத்த பின்னரும் முக்கிய நிகழ்ச்சிகளில் மே மூலக் கிதாரையே எடுத்தார். ஜூன் 3, 2002 அன்று இரண்டாம் எலிசபெத் அரசியின் பொன்விழாக் கொண்டாட்டத்தைத் தொடங்கி வைக்க பக்கிங்காம் அரண்மனையின் கூரை மேல் நின்று பிரித்தானிய நாட்டுப்பண்ணை வாசித்தபோது அவர் கையில் இருந்தது கணப்புப் பலகையில் செய்த அதே கிதார். இடையில், குயீனுக்காக 1970களில் நிறுத்திவைத்த வானியற்பியல் ஆய்வைத் தொடர்ந்து முடித்து, 2007 இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியில் முனைவர் பட்டத்துக்குத் தகுதி பெற்றார். 2014 இல் சைமன் பிராட்லியுடன் சேர்ந்து ரெட் ஸ்பெஷலின் வரலாற்றை நூலாக வெளியிட்டார். அந்நூலுக்காகக் கிதார் முழுவதும் பிரித்துப் படம்பிடிக்கப்பட்டது. கழுத்தை உடலோடு பிடித்திருப்பது ஒரே ஒரு மரையாணி என்பதை அப்படங்களில் காணலாம்.